காரைக்குடியிலிருந்து பழநிக்குப் பாதயாத்திரை: நான்கு கிலோ பையும் ஏழு நாள் திட்டமும்

தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடக்கக் கிளம்பி நடுவழியில் பஸ் ஏறுகிறவர்களை நிறுத்துவது பெரும்பாலும் மூச்சோ வயதோ அல்ல, பாதம்தான். காரைக்குடியிலிருந்து பழநி ஏறக்குறைய 170 கி.மீ. ஓர் எட்டுக்கு 68 செ.மீ. என்று கணக்கிட்டால் இரண்டரை லட்சம் எட்டு வருகிறது. பையில் கூடுதலாகத் திணித்த அரை கிலோவையும் பாதம் இரண்டரை லட்சம் முறை தாங்கியாக வேண்டும்.

ஆனால் இந்தப் பாதையில் சோறும் மோரும் சுக்குக் காபியும் நம்மைத் தேடி வருகின்றன. ஊருக்கு ஊர் அன்னதானப் பந்தல், வழியெல்லாம் பெட்டிக்கடை, மருந்துக்கடை. வழியில் எளிதில் கிடைக்காதவை மூன்று: காய்ந்த துணி, உங்கள் காலுக்குத் தோதான பராமரிப்புப் பொருள், இருட்டில் வண்டிக்காரர் கண்ணில் உங்களைக் காட்டும் வெளிச்சம். பையில் இந்த மூன்றுக்கும் முதலில் இடம் ஒதுக்குங்கள். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

நாள் குறிப்பது

தைப்பூசம் 2025-இல் பிப்ரவரி 11-ஆம் தேதியும் 2026-இல் பிப்ரவரி 1-ஆம் தேதியும் வந்தது. 2027-இல் ஜனவரி 22. பூசம் இப்படி முன்னால் வரும் ஆண்டில் பொங்கலையொட்டியே புறப்பட வேண்டியிருக்கும். அந்த நாட்களில் காரைக்குடிக்கு வரும் பஸ், ரயில் எல்லாம் நிரம்பி வழியும், கடைகள் பல மூடியிருக்கும். எனவே வாங்க வேண்டியதைப் போகிக்கு முன்பே வாங்கி முடித்துவிடுங்கள்.

பழநியில் எந்த நாள் இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நடைக்கு ஏழு நாள், அதோடு சும்மா ஒரு நாள். அந்த ஒரு நாளை விடவே கூடாது. கால் வீங்கினாலோ வயிறு கெட்டாலோ ஓய்வெடுக்க இடம் தருவது அதுதான். அது இல்லாதவர்கள் புண்ணோடு நடந்து, மறுநாள் மொத்தமாக உட்கார்ந்துவிடுகிறார்கள்.

ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு திறக்கிறது. போகும் டிக்கெட்டை விடத் திரும்பும் டிக்கெட்தான் முதல் கவலையாக இருக்க வேண்டும். பூசம் முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் கிளம்பும். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு, எழும்பூரில் பிற்பகலில் புறப்படும் பல்லவன் எக்ஸ்பிரஸ் இரவில் காரைக்குடியில் இறக்கிவிடும். திரும்பும்போது பழநியிலிருந்தே சென்னைக்கு ரயில் உண்டு. அதில் இடம் கிடைக்காவிட்டால் திண்டுக்கல் சந்திப்பிலிருந்து பாருங்கள். மதுரை, சென்னை தடத்து ரயில்கள் பலவும் அங்கே நிற்கின்றன. பழநியிலிருந்து திண்டுக்கல் 60 கி.மீ. அளவுதான், ஆனால் பூச நாட்களில் அந்தப் பஸ் பயணத்துக்கு வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பழநி சேரும் அன்றிரவுக்கே டிக்கெட் போடாதீர்கள். தரிசன வரிசை எத்தனை மணி நேரம் இழுக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஏழு நாள் பிரிவு

கீழே உள்ள தூரங்கள் ஏறத்தாழச் சொல்பவை. தங்கும் மடமோ மண்டபமோ ஊருக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருந்தால் இரண்டு மூன்று கிலோமீட்டர் மாறும்.

முதல் நாள் காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வழியாகத் திருப்பத்தூர், 23 கி.மீ. குன்றக்குடி பத்தாவது கிலோமீட்டரில் வரும். அங்கே சண்முகநாதரைக் கும்பிடும்போதே பையின் பட்டை தோளில் எங்கே உரசுகிறது என்று பார்த்துச் சரிசெய்துவிடுங்கள். இரண்டாம் நாள் சிங்கம்புணரி, 20 கி.மீ. இந்த இரண்டு நாளும் உற்சாகத்தில் வேகம் கூட்டுவதுதான் பிற்பாடு எல்லாக் கோளாறுக்கும் வித்து. மணிக்கு 4 கி.மீ. போதும்.

மூன்றாம் நாள்தான் சோதனை. சிங்கம்புணரியிலிருந்து கொட்டாம்பட்டி வழியாக நத்தம், 30 கி.மீ. கொட்டாம்பட்டியில் திருச்சி, மதுரை நான்குவழிச் சாலையைக் கடக்க வேண்டும். தடுப்புச் சுவர் ஏறிக் குதிக்காமல் முறையான கடவையில் கும்பலாகக் கடங்கள். முடியாதென்று தோன்றினால் இந்த நாளை இரண்டாகப் பிரித்து, ஓய்வு நாளை இங்கேயே செலவழிக்கலாம்.

நத்தத்திலிருந்து திண்டுக்கல் 37 கி.மீ. இதை ஒரே நாளில் முடிக்கப் பார்க்க வேண்டாம். நான்காம் நாள் கோபால்பட்டிப் பக்கம் தங்கி, ஐந்தாம் நாள் சாணார்பட்டி வழியாகத் திண்டுக்கல் சேருங்கள். ஆறாம் நாள் ரெட்டியார்சத்திரம் வழியாக ஒட்டன்சத்திரம், 30 கி.மீ.க்குச் சற்று மேல். ஏழாம் நாள் விருப்பாச்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி தாண்டிப் பழநி, 28 அல்லது 29 கி.மீ. ஒட்டன்சத்திரத்துக்கு அப்பால் பாதயாத்திரைக்காரர்களுக்கென்றே பல இடங்களில் தனி நடைபாதை இருக்கிறது. தார்ச்சாலை எவ்வளவு காலியாகத் தெரிந்தாலும் அந்த நடைபாதையை விட்டு இறங்காதீர்கள்.

ஒவ்வொரு நாளையும் இரண்டு நடையாக வையுங்கள். அதிகாலை 3.30-க்குக் கிளம்பி 9 மணிக்குள் 16, 17 கி.மீ. முடித்துவிட வேண்டும். பிறகு மாலை 4 மணிக்குத்தான் மறுபடி. தை மாதம் என்றாலும் காலை 10 மணிக்கெல்லாம் தார் சுட ஆரம்பித்துவிடும்.

உடம்பைப் பழக்குவது

எட்டு வாரம் முன்பு தொடங்குங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் 5 கி.மீ., அடுத்த மூன்று வாரம் 8 கி.மீ., வார இறுதியில் ஒரு நாள் 15 கி.மீ. கடைசி மூன்று வாரத்தில் ஒரு முறையாவது அடுத்தடுத்த இரண்டு நாள் 20 கி.மீ. நடக்க வேண்டும். முதல் நாள் 20 கி.மீ. யாரும் நடந்துவிடலாம். வலித்த காலோடு மறுநாள் நடக்க முடிகிறதா என்பதுதான் தெரிய வேண்டியது. அந்த இரண்டு நாளும் முழு எடையுள்ள பையோடு, யாத்திரையில் உடுத்தப் போகும் அதே வேட்டி, அதே உள்ளாடையோடு நடங்கள். எங்கே உரசும், எது அறுக்கும் என்று வீட்டுப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

வெறுங்காலில் நடக்க நேர்ந்துகொண்டவர்கள் பயிற்சியையும் வெறுங்காலில்தான் செய்ய வேண்டும். மாலை போட்ட நாள் முதல் செருப்பை விடுவது சம்பிரதாயம் மட்டுமல்ல, தோல் தடிக்க அந்த நாட்கள் தேவை. கிளம்பும் முன் டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்தாண்டு ஆகிவிட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள், குறிப்பாகப் பாதத்தில் மரத்துப்போன உணர்வு உள்ளவர்கள், வெறுங்காலில் நடக்கவே கூடாது. கண்ணாடிச் சில்லு ஏறியதே தெரியாமல் ஐந்து கிலோமீட்டர் நடந்துவிடும் ஆபத்து அவர்களுக்கு உண்டு. முருகன் செருப்புக் காலோடு வருபவரையும் ஏற்றுக்கொள்வான்.

பை

தோளில் ஒரு பக்கம் தொங்கும் ஜோல்னாப் பை வேண்டாம். ஒரு தோளை இழுத்து, உடம்பு மறுபக்கம் சாய்ந்து, மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இரண்டு பட்டையுள்ள 20 முதல் 25 லிட்டர் பை போதும். அதைவிடப் பெரிய பை வாங்கினால் கை தானாக அதை நிரப்பிவிடும். பைக்குள் ஒரு தடித்த பாலித்தீன் உறையைப் போட்டு அதற்குள் சாமான்களை வையுங்கள். மழை இல்லாவிட்டாலும் பின்னிரவுப் பனியும் முதுகு வியர்வையும் போதும், துணி ஈரமாக.

சமையல் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பாருங்கள். எடை ஏறத்தாழ இப்படி வரும்:

- காலிப் பை: 500 கிராம்
- மடிக்கும் பிளாஸ்டிக் பாய், ஒற்றை ஆள் அளவு: 300
- மெல்லிய பருத்திப் போர்வை: 400
- மாற்று வேட்டி ஒன்று: 250
- மாற்றுச் சட்டை அல்லது பனியன்: 150
- ஈரிழைத் துண்டு ஒன்று: 120
- மாற்று உள்ளாடை இரண்டு: 120
- மாற்றுக் காலுறை ஒரு ஜோடி: 50
- பவர் பேங்க் (10,000 எம்.ஏ.எச்.), ஒயர்: 250
- நெற்றியில் கட்டும் டார்ச்: 80
- கால் மருந்தும் மற்ற மருந்தும்: 250
- சோப்பு, பல் துலக்க வேண்டியவை: 150
- கடலை மிட்டாய், பேரீச்சை, பொட்டுக்கடலை: 300
- எவர்சில்வர் டம்ளரும் சின்னத் தட்டும்: 150
- ஊக்கு, நைலான் கயிறு, பாலித்தீன் பை: 80

கூட்டினால் 3 கிலோ 150 கிராம். ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்தால் நான்கு கிலோவைக் கொஞ்சம் தாண்டும். காவடி எடுப்பவர்கள் காவடியின் எடையையும் இந்தக் கணக்கில் சேர்த்து, பையை அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

எடை ஏறுவது வழக்கமாக நான்கு இடத்தில். ஜமக்காளம் ஒன்றே ஒரு கிலோவுக்கு மேல் போகும். எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் காலியாகவே 400 கிராம் வரும். கடையில் விற்கும் தண்ணீர் பாட்டில் 30, 40 கிராம்தான். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வைக்கும் மூன்றாவது வேட்டி. வீட்டில் கட்டித் தரும் முறுக்கும் தட்டையும். பிந்தையதை அன்போடு வாங்கி, முதல் நாளே எல்லோருக்கும் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள்.

இரண்டு வேட்டியில் ஏழு நாள் ஓட்டுவது துவைக்கும் நேரத்தில்தான் இருக்கிறது. இரவில் துவைத்தால் பனியில் காயாது, காலையில் ஈரத்தைச் சுமப்பீர்கள். காலை நடை முடிந்து தங்கும் இடத்தில் குளிக்கும்போதே துவைத்து வெயிலில் போட்டால் மூன்று மணிக்குள் காய்ந்துவிடும். மிச்ச ஈரம் இருந்தால் பையின் வெளிப்புறத்தில் ஊக்கால் மாட்டிக்கொண்டு நடக்கலாம்.

குழுவாகப் போகிறவர்களுக்குச் சாமான் வண்டி இருக்கும். இருந்தாலும் மருந்து, டார்ச், போர்வை, தண்ணீர், பணம் ஆகியவை உங்கள் தோளில்தான் இருக்க வேண்டும். வண்டி முன்னால் போய்விட்டால் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் போர்வையால் பயன் இல்லை.

பாதம்

கொப்புளம் வர மூன்று காரணம்: சூடு, ஈரம், உரசல். ஒன்றைக் குறைத்தாலும் பெரிதும் தப்பிக்கலாம்.

செருப்போ ஷூவோ போடுபவர்கள், குறைந்தது 100 கி.மீ. நடந்து பழகியதையே போடுங்கள். நாள் முழுக்க நடந்தால் பாதம் வீங்கும், அதனால் வழக்கத்தைவிட ஓர் அளவு பெரிதாக இருக்க வேண்டும். ஹவாய் செருப்பு தூரப் பயணத்துக்கு ஆகாது. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இருக்கும் வார் இரண்டாம் நாளே தோலை உரித்துவிடும். குதிகால் பட்டை உள்ள சாண்டல் நல்லது. நகத்தைக் கிளம்ப மூன்று நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள்.

கிளம்பும் முன் விரலிடுக்கிலும் குதிகாலிலும் வாசலின் தடவுங்கள். காலுறை போடுபவர்கள் மதியம் அதை மாற்றி, பாதத்தை அரை மணி நேரம் காற்றில் உலர விடுங்கள். நடக்கையில் ஓரிடம் சுருக்கென்று சூடாகத் தோன்றினால் அந்த நொடியே உட்காருங்கள். அது கொப்புளம் வரும் முன் கிடைக்கும் எச்சரிக்கை. துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகு மைக்ரோபோர் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டினால் அத்தோடு முடிந்தது. ‘அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நடந்தால் அடுத்த ஊரில் கொப்புளம்தான் இருக்கும். வாசலின் தடவிய தோலில் டேப் ஒட்டாது, முதலில் சோப்பால் கழுவுங்கள்.

சின்னக் கொப்புளத்தைத் தொடாதீர்கள். மிதிக்கவே முடியாத அளவு பெரிதானால் மட்டும், புதிய ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்து, ஓரத்தில் கீழ்ப்பக்கமாக ஒரு துளை இட்டு நீரை வடியுங்கள். மேல்தோலை உரிக்கவே கூடாது. உள்ளே இருக்கும் இளந்தோலுக்கு அதுதான் மூடி. போவிடோன் அயோடின் களிம்பு தடவித் துணிக்கட்டுப் போடுங்கள். சிலர் ஊசியில் நூல் கோத்து அதை உள்ளேயே விட்டுவிடுவார்கள். அழுக்கு ஏறிச் சீழ் பிடிக்க அது வழி. சர்க்கரை நோயாளிகள் தாங்களே குத்தக் கூடாது.

வெறுங்காலில் நடப்பவர்களுக்கு ஒரு சின்ன விஷயம்: சாலையோர வெள்ளைக் கோடு கருந்தாரைவிடக் குறைவாகச் சுடும். ஆனால் வண்டி வரும்போது மண்ணில் இறங்கிவிட வேண்டும்.

தொடை உரசலைப் பற்றி யாரும் வெளியில் பேசுவதில்லை, அதனாலேயே பலர் அவதிப்படுகிறார்கள். வியர்வை உப்பு காய்ந்து தோலை அரைக்கும். முழங்கால் அருகே வரை வரும் இறுக்கமான உள்ளாடை அணிந்து, கிளம்பும் முன் வாசலின் தடவினால் தவிர்க்கலாம். பெண்கள் பாவாடைக்குள் லெக்கின்ஸ் போட்டுக்கொள்ளலாம்; நடைக்குப் புடவையைவிடச் சுடிதார் தோதாக இருக்கும். நாப்கினைத் தேவை இருக்கிறதோ இல்லையோ கையோடு வைத்துக்கொள்ளுங்கள். வழியிலுள்ள சிற்றூர்க் கடை விடிகாலையில் திறந்திருக்காது.

தண்ணீரும் சோறும்

அரை மணிக்கு ஒரு டம்ளர் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். தாகம் எடுத்த பிறகு ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடித்தால் வயிறு உப்பும். வெறும் தண்ணீரையே மிக அதிகமாகக் குடிப்பதும் கெடுதி: வியர்வையில் போன உப்பு திரும்பாமல் தலைசுற்றலும் குமட்டலும் வரும். மோர் கிடைக்கும் இடத்தில் உப்புப் போட்டுக் குடியுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஏழெட்டு எடுத்துக்கொண்டு, ஒரு முழுப் பொட்டலத்தை ஒரு லிட்டரில் கரையுங்கள். கண் அளவாகக் கொஞ்சம் டம்ளரில் கொட்டிக் கலக்கினால் அளவு தப்பிவிடும். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் நீர் போதவில்லை என்று பொருள்.

அன்னதானத்தில் சூடாகப் பரிமாறுவதைச் சாப்பிடுங்கள். காலையில் கலந்து மதியம் வரை வைத்திருக்கும் தயிர் சாதத்தையும், வெட்டி வைத்த பழத்தையும் கும்பிட்டு விலக்குங்கள். நடக்கும் முன் அரை வயிறு, நடந்த பின் முழு வயிறு.

கால் வலிக்கிறதென்று டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் மாத்திரைகளைத் தினமும் விழுங்க வேண்டாம். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும். வலி தாங்காவிட்டால் பாராசிட்டமால், அதோடு ஓய்வு. நெஞ்சு அடைத்தாலோ, வெயிலில் பேச்சுக் குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.

இருட்டில் சாலை

இந்த யாத்திரையில் உயிர் போகும் இடம் சாலை. நடைபாதை இல்லாத இடங்களில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலது ஓரம் நடங்கள். ஒற்றை வரிசை, இருவர் மூவராகப் பேசிக்கொண்டு போகக் கூடாது. முதல் ஆளிடமும் கடைசி ஆளிடமும் டார்ச் இருக்க வேண்டும்; கடைசி ஆளின் விளக்கு சிவப்பாக மினுக்கினால் இன்னும் நல்லது. வழியில் ஒளிரும் குச்சியும் பட்டையும் கொடுப்பார்கள், ஆனால் அவை கைக்கு வரும் முன்பே சில இரவு நடந்திருப்பீர்கள். சைக்கிள் கடையில் ஒளிரும் டேப் வாங்கிப் பையின் பின்பக்கத்திலும் இரு பட்டையிலும் ஒட்டிக்கொண்டு கிளம்புங்கள். பச்சையோ காவியோ, எந்த வேட்டியும் இருட்டில் ஓட்டுநருக்குக் கறுப்புதான். பாட்டுக் கேட்கக் காதில் எதையும் மாட்ட வேண்டாம். தூக்கம் சொக்கினால் சாலையோரத்தில் படுக்காதீர்கள். ஒதுங்கிய கோயில் திண்ணையோ பந்தலோ வரும்வரை நடங்கள்.

தங்குமிடத்தில் மின்இணைப்புக்கு நெரிசல் இருக்கும். பவர் பேங்கை மதியமே ஏற்றிவிடுங்கள். ஆதார் நகல், இரத்த வகை, வீட்டார் எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் பாலித்தீனில் போட்டுச் சட்டைப் பையில் வையுங்கள். போன் அணைந்திருந்தாலும் அது பேசும். பணம் பத்து, இருபது, ஐம்பதாக இருக்கட்டும்.

பழநியில்

முதலில் அடிவாரத்தில் திருஆவினன்குடி, பிறகு கிரிவீதி, அதன் பிறகு மலை. படிகள் 693. ஏழு நாள் நடந்த முழங்காலுக்குப் படி ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை. ஏறும்போது படியிலும் இறங்கும்போது சரிவாக வரும் யானைப் பாதையிலும் வந்தால் முழங்கால் பிழைக்கும். ரோப் காரும் இழுவை ரயிலும் உண்டு, ஆனால் பூசத்தன்று அவற்றுக்கான வரிசையே சில மணி நேரம் நீளும். 2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதி இல்லை. அடிவாரத்தில் கட்டணம் செலுத்தி ஒப்படைத்துவிட்டு ஏறுங்கள். குழுவில் இருப்போர் பிரிந்தால் எங்கே, எத்தனை மணிக்குச் சேர்வது என்பதை ஏறும் முன்பே பேசி வையுங்கள். பையையும் கீழேயே வைத்துவிடுங்கள். முடி காணிக்கை செலுத்தியவர்கள் வரிசையில் நிற்கும்போது ஈரிழைத் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொள்ளுங்கள். மொட்டையடித்த தலைத்தோல் வெயிலில் சீக்கிரம் கருகிவிடும்.

இறங்கியதும் அடுத்த மூன்று மணி நேரத்துக்குள் நீண்ட பயணம் கிளம்பாதீர்கள். பாதத்தைக் கழுவி, கட்டுகளை மாற்றி, காலைச் சற்று உயர்த்தி வைத்துப் படுங்கள். பஸ்ஸிலோ ரயிலிலோ மணிக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள். ஊர் திரும்பிய பின் ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தாலோ, கொப்புளத்தைச் சுற்றிச் சிவப்புப் பரவினாலோ, நடந்த களைப்பு என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.